பலாச்சுளையின் மேல் போட்ட பழி

பலாப்பழம் உடம்புக்கு நல்லதா கெட்டதா என்று யாராவது என் முன்னால் பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். இல்லாவிட்டால் சண்டை வரும். சூடு என்பார்கள், வாயு என்பார்கள், பிள்ளை பெற்றவள் அதன் வாசனையைக் கூட முகரக் கூடாது என்பார்கள். சொல்லுகிறவர்களில் பாதிப் பேர் வாயில் சுளையை மென்றுகொண்டே சொல்லுவார்கள். எனக்கு வயதாகிவிட்டது. பல் போய்விட்டது, காது மந்தமாகிவிட்டது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் பிறந்தது குடுமியான்மலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பாறையும் பொட்டலும்தான். வரகு விளையும், கொள்ளு விளையும், மழை பெய்த வருஷம் கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் நெல். பலாமரம் கிடையாது. சந்தையில் சுளையாகப் பிய்த்து விற்பார்கள். அப்பா எப்போதாவது வாங்கி வந்தால் ஆளுக்கு ஒன்று கிடைக்கும். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் என்னைச் சீக்கிரம் கட்டிக்கொடுத்துவிட அப்பா அவசரப்பட்டார். ஆலங்குடிக்குக் கிழக்கே, செம்மண் பூமியில் ஒரு வீட்டில் என்னைக் கொடுத்தார்.

அந்த வீட்டுத் தோட்டத்தை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளையில் தொங்காமல் அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு, சில காய்கள் வயிறு தரையைத் தொட, கன்றுக்குட்டி படுத்திருப்பது போலக் கிடந்தன. இவ்வளவு பழமும் ஒரே வீட்டுக்கா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "திங்கத் திங்கச் சலிச்சுப்போயிரும் பாரு" என்றார். எனக்குச் சலிக்கவில்லை. சலிக்கிற அளவுக்கு எனக்குக் கிடைக்கவும் இல்லை.

பழத்தை மாமனார்தான் அறுப்பார். ஆள் நல்ல உயரம், கனத்த உடம்பு, ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவார். பழம் பிளந்ததும் நடுவில் இருக்கும் பெரிய சுளைகளைக் கிண்ணத்தில் எடுத்துத் தேனை ஊற்றித் தான் தின்பார். அப்புறம் என் வீட்டுக்காரர். அப்புறம் வந்து போகிற ஆண்கள். மாமியாருக்கும் எனக்கும் ஓரத்தில் இருக்கும் வெம்பல் சுளையும், சுளையைச் சுற்றியிருக்கும் சடை நாரோடு ஒட்டிக்கொண்டிருப்பதும், கொட்டையும். கொட்டையைத் தணலில் சுட்டுத் தின்றால் பழம் செரித்துவிடும் என்று மாமியார் சொல்லுவாள். செரிப்பதற்கு நாங்கள் தின்றது என்ன இருந்தது என்று நான் கேட்டதில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. பர்மா அரிசி நின்றுபோய்விட்டது. கையில் ரூபாய் இருந்தாலும் கடையில் அரிசி இல்லை. அந்தக் கோடையில் செம்மண் பக்கத்து ஜனங்கள் உயிரோடு இருந்ததே பலாப்பழத்தால்தான். பிஞ்சைக் கூட்டு வைத்தார்கள், காயை அவித்தார்கள், பழத்தைத் தின்றார்கள், கொட்டையைப் புளிக்குழம்பில் போட்டார்கள், சடையை மாட்டுக்குப் போட்டார்கள். மாசியில் எலும்பும் தோலுமாக இருந்த கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஆனி மாதம் கன்னம் உப்பித் திரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். வெறும் வயிற்றில் அளவு தெரியாமல் தின்றுவிட்டு வயிறு உப்பி உருண்டவர்களையும் பார்த்தேன். சுக்குத் தண்ணீர் குடித்து எழுந்து, மறுநாள் மறுபடியும் வந்தார்கள். பசி வந்தவனுக்கு அது சோறு. அதற்கு மேல் அதில் மாயமும் இல்லை, விஷமும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வைத்தியம் படித்திருக்க வேண்டியதில்லை.

அந்த வைகாசியில்தான் எனக்கு முதல் பிள்ளை பிறந்தது. முதல் பேறு தாய் வீட்டில் என்பது வழக்கம். எனக்குத் தாய் இல்லை. அதனால் மாமியார் வீட்டிலேயே, தானியம் கொட்டி வைக்கிற இருட்டறையை ஒழித்துக் கொடுத்தார்கள். ஊர் மருத்துவச்சி வந்தாள். பிள்ளை பெரிதாகச் சிரமம் கொடுக்கவில்லை. ஆண் பிள்ளை. தலை நிறைய முடி. வெளியே வந்ததும் அவன் போட்ட சத்தத்தில் மாமனார் வாசலில் இருந்து சிரித்தார்.

மருத்துவச்சி கூரையில் செருகியிருந்த கருக்கரிவாளை எடுத்தாள். பகலெல்லாம் மாட்டுக்குப் புல் அறுக்கிற அரிவாள். முந்தானையில் ஒரு தடவை துடைத்துவிட்டுத் தொப்புள் கொடியை அறுத்தாள். பிறகு எருமுட்டைச் சாம்பலை அள்ளி, எண்ணெயில் குழைத்து, தொப்புளில் அப்பினாள். நான் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் செய்ததைத்தான் செய்தாள்.

அடுத்து எனக்குப் பத்தியம் ஆரம்பித்தது. ஒரு வேளைச் சோறு. அதுவும் அந்த வருஷத்துச் சோறு, ஒரு கைப்பிடி. பூண்டும் மிளகும் போட்ட குழம்பு. தண்ணீர் கேட்டால் நாக்கு நனைகிற அளவுக்கு வெந்நீர். தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், புண் ஆறாது என்றார்கள். வைகாசி வெயிலில் சன்னல் இல்லாத அறை. பக்கத்தில் கணப்புச் சட்டி. எனக்குப் பதினேழு வயது. பசியில் காது அடைத்தது. பிள்ளை மார்பை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அழுதான். பால் இல்லை. எங்கிருந்து வரும்?

அடுத்த அறையில் பழங்களை அடுக்கியிருந்தார்கள். மண்சுவர். அந்த வாசனைக்கு மண்சுவர் ஒரு தடையா? மூக்குக்குள் நுழைந்து தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் மாமியாரிடம் வாய்விட்டே கேட்டேன்.

"அத்தை, ரொம்பப் பசிக்குது. ஒரே ஒரு சுளை குடுங்க."

"என்னாத்தா பேசுற? பச்ச ஒடம்புக்காரி கேக்குற சாமானா அது? நீ தின்னா பால்ல எறங்கிரும். புள்ளைக்கு மாந்தம் வந்து இழுத்துக்கும்."

"அப்ப இன்னும் கொஞ்சம் சோறாவது போடுங்க."

"வீட்ல இருக்கிறதத்தான போட முடியும்? ஆம்பளைங்க சாப்பிடணும்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆறாம் நாள் மத்தியானம் எல்லோரும் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். நான் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போனேன். மாமனார் பாதி அறுத்து வைத்த பழம் முறத்தால் மூடியிருந்தது. நின்றுகொண்டே நான்கைந்து சுளை தின்றேன். திருடியதாக எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. பானையில் இருந்து இரண்டு செம்பு தண்ணீர் மொண்டு குடித்தேன். கை நடுக்கம் நின்றது. கொட்டைகளைத் தூக்கி எறியத் தெம்பில்லாமல் பாய்க்கடியில் போட்டுவிட்டுப் படுத்தேன். சாயங்காலம் மார்பில் பால் கட்டியது. பிள்ளை பிறந்து முதல் தடவையாக வயிறு நிறையக் குடித்தான். குடித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனான்.

மறுநாள் காலையில் அவனால் வாயைத் திறக்க முடியவில்லை.

மார்பைக் கொண்டுபோய் உதட்டில் வைத்தால் உதடு அசையும், தாடை அசையாது. விரலை விட்டுத் திறக்கப் பார்த்தேன், பூட்டின மாதிரி இருந்தது. கதவு சத்தம் கேட்டால் போதும், உடம்பு விறைத்து வில்லாக வளைந்தது. முகம் சிரிப்பது போல இழுத்துக்கொண்டது. அந்த முகத்தை எழுத எனக்கு இஷ்டமில்லை.

மாமியார் ஓடி வந்தாள். பிள்ளையைப் பார்த்ததும் என்னைப் பார்த்தாள். "என்ன தின்ன? உண்மையச் சொல்லு, என்ன தின்ன?" நான் வாயைத் திறப்பதற்குள் பாயைப் புரட்டிவிட்டாள். கொட்டைகள் உருண்டு அறை நடுவில் வந்தன.

அதோடு விசாரணை முடிந்தது. மாந்த இழுப்பு என்று தீர்ப்பாகிவிட்டது. வசம்பைச் சுட்டுத் தேய்த்தார்கள். மூடின வாயில் மாந்த எண்ணெயை ஊற்றினார்கள், அது மூக்கு வழியாக வந்தது. கடைசியில் மஞ்சள் கிழங்கை விளக்கில் காட்டிச் சுட்டு, அந்தப் பச்சை வயிற்றில் சூடு போட்டார்கள். நான் குறுக்கே விழுந்தேன். "செய்யிறதையும் செஞ்சுபுட்டு இப்ப என்ன நடிப்பு?" என்று என்னைத் தள்ளினாள் மாமனாரின் அக்கா. பெரியத்தை என்று எல்லோரும் கூப்பிடுவோம். விதவை, அதே தெருவில் இருந்தாள், எந்த வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் அவள் குரல்தான் முதலில் கேட்கும்.

இரண்டு நாள் இழுத்துக்கொண்டிருந்துவிட்டுப் பிள்ளை போய்விட்டான்.

துக்கம் கேட்க வந்த பெண்கள் என் பக்கத்தில் உட்காரவில்லை. மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பெரியத்தை வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள்: "நாக்க அடக்கத் தெரியல. பழத்துக்கு ஆசப்பட்டுப் புள்ளையத் தின்னுட்டா." அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். கிணற்றடியில் பெண்கள் எனக்குக் கேட்கும்படி பிள்ளையைத் தின்னவள் என்று சொன்னார்கள். கைக்குழந்தைக்காரிகள் என்னைக் கண்டால் முந்தானையால் குழந்தையை மூடினார்கள்.

என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை, கை நீட்டினவர் இல்லை. "அவ பசியில தின்னா, விடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஏசினவர்களைக் கூட நான் மறந்திருக்கிறேன். பக்கத்தில் நின்று பேசாமல் இருந்தவரை மறக்க முடியவில்லை.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாதது எது தெரியுமா? நானும் அதை நம்பினேன். என் பால் அவனைக் கொன்றுவிட்டது என்று ஏறக்குறைய ஒரு வருஷம் நம்பினேன். மார்பில் பால் கட்டி வலித்தபோது அதைப் பீய்ச்சிச் சுவரில் அடித்தேன். என்னை நானே வெறுக்க வைத்துவிட்டார்கள்.

அடுத்த மாசியில் மாமனாருக்குக் காலில் ஒரு கொப்புளம் வந்தது. செருப்புக் கடி. ஆறவில்லை. அவருக்குச் சில காலமாகவே தாகம் அதிகம். செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பார், அடிக்கடி கொல்லைப்பக்கம் போவார். அவர் போய் வந்த இடத்தில் எறும்பு மொய்க்கும். புண் பெரிதாகி நாற்றம் எடுத்ததும் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது என்று முடிவாயிற்று. பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். மேட்டில் ஏறாமல் நின்றுவிடும், இறங்கித் தள்ள வேண்டும். மாமனாரை ஒரு பக்கம் சாய்த்து உட்கார வைத்து வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். சமைத்துப் போட நானும் போனேன்.

டாக்டர் புண்ணைப் பார்த்தார், சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். பிறகு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"சர்க்கரை வியாதிப்பா. கட்டு மட்டும் போட்டா ஆறாது. சோத்தைக் குறைக்கணும். இனிப்பு எதையும் தொடக்கூடாது."

"பழமெல்லாம் சாப்பிடலாங்களா? எங்களுக்குப் பலாத்தோப்பு இருக்கு."

"இவருக்கு அதைக் கண்ணுலயே காட்டாதே. பழுத்த சுளையும் வெல்லக்கட்டியும் இவர் ஒடம்புக்கு ஒண்ணுதான். தின்னாருன்னா காலை எடுக்க வேண்டியிருக்கும், இல்ல உயிரே போகும்."

மாமனார் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கட்டுப் போடுவதற்காகச் சில வாரம் அங்கே தங்கினோம். பெண்கள் பகுதி பக்கத்துக் கட்டிடம். அங்கே ஒரு லேடி டாக்டர் இருந்தார். வெள்ளைப் புடவை, கண்ணாடி, கடுகடுத்த முகம். பிள்ளை உண்டாகாமல் இருக்கிறதே என்று வீட்டில் பேச்சு வந்திருந்ததால், ஒரு நாள் காலையில் நானாகவே போய் வரிசையில் உட்கார்ந்தேன். முதல் பிள்ளை என்னவாயிற்று என்று அவர் கேட்டார். நான் ஊர் சொன்னதையே சொன்னேன்.

"நான்தாங்க கொன்னுட்டேன். பலாப்பழம் தின்னுட்டுப் பால் குடுத்தேன்."

அவர் தலையை நிமிர்த்தினார். "எத்தனாவது நாள் பால் குடிக்கிறதை நிறுத்துச்சு?"

"ஏழாம் நாளுங்க."

"வாய் திறக்க முடியாமப் போச்சா?"

"ஆமாங்க."

"தொட்டா, சத்தம் கேட்டா, ஒடம்பு விறைச்சுதா?"

பக்கத்தில் நின்று பார்த்தவர் போலக் கேட்கிறாரே! "ஆமாங்க. வில்லு மாதிரி வளைஞ்சான்."

"தொப்புள் கொடியை எதால அறுத்தாங்க? மேல என்ன வச்சாங்க?"

புல் அறுக்கிற அரிவாளையும் எருமுட்டைச் சாம்பலையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருக்கும் கோபம்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

"இங்க பாரும்மா. பலாப்பழத்துக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மண்ணுலயும் சாணியிலயும் இருக்கிற விஷக்கிருமி தொப்புள் புண்ணு வழியா உள்ள போயிருக்கு. அதனால வந்த ஜன்னி. நீ பழம் தின்னாலும் அவன் போயிருப்பான், தின்னாட்டியும் போயிருப்பான்."

"பால்ல எறங்கிருச்சுன்னாங்களே?"

"பால்ல ஒண்ணும் எறங்கலை. பால் குடுக்கிறவ வயிறாரச் சாப்பிடணும், தண்ணி குடிக்கணும். பலாச்சுளை அளவாத் தின்னா நல்லதுதான். வெறும் வயித்துல அள்ளித் தின்னா வயிறு உப்பும், வலிக்கும். அதுவும் ஒன் வயிறுதான். புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. காது மடல் சுட்டது. ஒரு வருஷம்! ஒரு வருஷம் நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேனே. கையில் கல் இருந்திருந்தால் யார் மேல் எறிவது என்று தெரியாமல் எறிந்திருப்பேன்.

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "போனது போச்சு. இப்ப அதப் பேசி என்ன ஆகப்போவுது?" என்றார்.

"என்ன ஆகணும்னா, எம்புள்ளைய நான் திங்கலைன்னு ஊருக்குத் தெரியணும்."

"அப்பா இப்பிடிக் கெடக்குறப்பவா?"

அவர் எழுந்து போய்விட்டார். அந்தக் கோபத்தை அப்படியே முடிந்து வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

சித்திரை முடிவதற்குள் தோட்டத்தில் பழம் பழுத்துவிட்டது. மாமனார் காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, முதல் பழத்தைக் கொண்டுவரச் சொன்னார். மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தையும் கத்தியையும் கொண்டுவந்து வைத்தாள். தேனையும் கொண்டுவந்தாள். நான் அவர் எதிரில் நின்று பேசுவது வழக்கமில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"மாமா, டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காரு. கால் போயிரும்னாரு."

அவர் என்னைப் பார்க்காமல் பழத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்கப்பன் வச்ச மரம். அது என்னையக் கொல்லுமா? புண்ணு காலுல இருக்கு, நான் வாயால திங்கிறேன்."

மாமியார் என்னை உள்ளே போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். "ஆம்பள ஆசப்பட்டுக் கேக்குறாரு, எப்பிடி மாட்டேங்கிறது?" என்று அடுப்படியில் முணுமுணுத்தாள். பசியில் செத்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு சுளைக்கு மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு நேரம் கூடப் பிடிக்கவில்லை.

தினமும் தின்றார். வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்த்தார், அதட்டல் வாங்கிக்கொண்டு திரும்பினார். வைகாசி கடைசியில் கட்டைவிரல் கறுத்தது. பிறகு பாதம் முழுதும். ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை வெட்டிவிடுவார்கள் என்று வர மறுத்துவிட்டார். ஆடி பிறப்பதற்கு முன்னால் இறந்துபோனார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் என்ன சொன்னார்கள்? "விதி முடிஞ்சிருச்சு." "ராசா மாதிரித் தின்னு, ராசா மாதிரிப் போயிட்டாரு." ஒருத்தர் கூடப் பழத்தின் பெயரை எடுக்கவில்லை. பெரியத்தை கூட எடுக்கவில்லை.

பதினாறாம் நாள் படையலுக்கு இலை போட்டார்கள். சோறு, கறிவகை, எல்லாவற்றுக்கும் நடுவில், அவருக்குப் பிடித்ததாயிற்றே என்று கடைசிப் பழம் ஒன்றை அறுத்துத் தேன் ஊற்றி வைத்தாள் பெரியத்தை. கூடம் நிறையப் பெண்கள். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"பெரியத்தை, ஒண்ணு கேக்கணும். எம்புள்ள செத்தப்ப பழத்து மேல பழியப் போட்டீங்க. மாமா செத்ததுக்கு ஏன் போடல? அவருக்குத்தான டாக்டர் கண்ணுலயே காட்டாதன்னாரு?"

"ஏண்டி, படையல் போடுற எடத்துல என்ன பேச்சுப் பேசுற?" என்றாள் அவள். "ஆம்பள தின்னதும் பொம்பள தின்னதும் ஒண்ணா?"

"அதத்தான் கேக்குறேன். எப்பிடி ஒண்ணு இல்லாமப் போச்சு?"

வீட்டுக்காரர் வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். நான் உதறினேன். லேடி டாக்டர் சொன்ன அத்தனையையும் அங்கேயே நின்று சொன்னேன். அரிவாளைச் சொன்னேன், சாம்பலைச் சொன்னேன், பூட்டின தாடையைச் சொன்னேன். மருத்துவச்சியும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? தெரியாமல் செய்தாள். தெரியாததைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு என்னைப் பிள்ளை தின்னவளாக்கினார்களே, அவர்கள் மேல்தான் கோபம். "எம்புள்ளைய நான் திங்கல. இனி யாராச்சும் அந்த வார்த்தையைச் சொன்னா நாக்க அறுத்துருவேன்" என்று கத்தினேன். பெரியத்தை எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்றாள். சில பெண்கள் சாப்பிடாமலே எழுந்து போனார்கள்.

மாமியார் மூலையில் வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சில நாள் கழித்து நான் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் குந்தினாள்.

"டாக்டரம்மா சாம்பலையா சொன்னாங்க?"

"சாம்பலையும் அரிவாளையும்."

அவள் மண்ணைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு மூணு போச்சு. ஒன் வீட்டுக்காரனுக்கு முன்னாடி ரெண்டு, பின்னாடி ஒண்ணு. எல்லாம் அந்த ஏழு எட்டு நாளுக்குள்ளதான். எல்லாம் அதே மாதிரி வாய் பூட்டித்தான். மொதப் புள்ளைக்கு நான் நுங்கு தின்னதுதான்னாங்க. அடுத்ததுக்கு மொச்சக்கொட்ட. மூணாவதுக்கு நான் ஒண்ணுமே திங்கல. பயந்துகிட்டுப் பட்டினியாவே கெடந்தேன். அதுவும் போச்சு. அதுக்குக் கண்ணுபட்டுப் போச்சுன்னாங்க."

துலக்கிக்கொண்டிருந்த செம்பைக் கீழே வைத்தேன். "அப்ப ஒங்களுக்கே தெரியுமே அத்தை. திங்காமலும் புள்ள போகும்னு தெரியும்ல? தெரிஞ்சுமா என்னையச் சொன்னீங்க?"

"என்னையச் சொன்னாங்க. நான் ஒன்னையச் சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அவளுக்காக எனக்கு வயிறு எரிந்தது, அவளைப் பார்த்தும் வயிறு எரிந்தது. இரண்டையும் பிரிக்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மறு வருஷம் நான் மறுபடியும் உண்டானேன். அந்த இருட்டறையில் பிள்ளை பெறமாட்டேன், டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஊரு என்ன சொல்லும்? கரி பஸ்ஸுல வயித்தத் தள்ளிக்கிட்டு..." என்று அவர் இழுத்தார். உள்ளே இருந்து மாமியார் குரல் வந்தது: "கூட்டிட்டுப் போடா." அவர் கூட்டிப் போனார். பெண் பிள்ளை. ஏழாம் நாள் நான் கண்ணை மூடவே இல்லை, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத் திறந்து கத்தினாள். இன்றைக்கும் அப்படித்தான் கத்துகிறாள், பேரன் பேத்தி எடுத்துவிட்டாள்.

அதற்கடுத்த கோடையில் பக்கத்து வீட்டு மருமகளுக்குப் பிரசவம். சின்னப் பெண். மாமியாரும் நானும் போனோம். மருத்துவச்சி அரிவாளுக்குக் கை நீட்டியபோது மாமியார் தட்டிவிட்டாள். புதுக் கத்தியை வெந்நீரில் கொதிக்கவைத்து எடுத்துக் கொடுத்தாள். சாம்பல் சட்டியைத் தூக்கிக் கொல்லையில் கொட்டினாள். "சுத்தமான துணி மட்டும் வை" என்றாள்.

ஆனால் நான்கு நாள் கழித்து அந்தப் பெண் பசிக்கிறது, ஒரு சுளை கிடைக்குமா என்று கேட்டபோது, மாமியார்தான் முதலில் சொன்னாள்: "அது மட்டும் வேணாம்த்தா."

"டாக்டரம்மா சொன்னதச் சொன்னேனே அத்தை?" என்றேன்.

"சொன்ன. எனக்குத்தான் மனசு வரல."

எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய் ஒரு பழத்தை நானே அறுத்தேன். நடுவில் இருந்த பெரிய சுளைகளாகப் பார்த்து இலையில் வைத்து எடுத்துக்கொண்டு தெரு வழியாகவே போனேன். வழியில் நின்ற பெரியத்தை பார்த்தாள். பார்க்கட்டும் என்றுதான் போனேன். இலையை அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, ரெண்டு மூணு மட்டும் தின்னு, சோறும் தின்னு, தண்ணி நிறையக் குடி என்று சொன்னேன்.

அவள் சுளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மடியில் கிடந்த பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டாள். "வேணாங்கக்கா, பயமாருக்கு" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் இலையைத் தூக்கி எறிந்திருப்பேன். பசியில் கண் உள்ளே போன ஒரு பெண்ணைத் தன் பாலுக்கே பயப்பட வைத்திருக்கிறார்களே! அவளிடம் சத்தம் போட்டு என்ன பிரயோசனம்? என் பெண்ணை இடுப்பில் இருந்து இறக்கி அவள் முன்னால் உட்கார வைத்தேன். "இவள வயித்துல வச்சுக்கிட்டும் தின்னேன், இவளுக்குப் பால் குடுத்துக்கிட்டும் திங்கிறேன். பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, இலையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் எட்டிப் பார்த்தேன். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. அவள் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, சின்னக் குரலில் கேட்டாள்: "அக்கா, இன்னும் ரெண்டு இருக்குமா?"